வாயிலோனும் வழங்கியும்

கணினிக்கும் எனக்கும் உள்ள உறவு, வினாத்தாள் தட்டச்சு செய்வதோடும் மதிப்பெண்களை ஏற்றுவதோடும் முடிந்துவிடுவது. முதுகலையில் தமிழ் படித்துவிட்டு, இருபதாண்டுகளாகத் தர்மபுரியில் சங்க இலக்கியம் நடத்திவரும் ஒருவன், வீட்டு இணையப் பெட்டியோடு இரவு இரண்டு மணிவரை மல்லுக்கட்டிய கதையை இங்கே எழுத நேர்ந்ததற்குக் காரணம் இருபத்து நான்கு ஒலிநாடாக்கள்.

அப்பா பென்னாகரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். எண்பதுகளில் அந்த வட்டாரத்தில் எங்கே தெருக்கூத்து நடந்தாலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூத்து இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஒரு கூத்துக்குத் தொண்ணூறு நிமிட நாடாக்கள் ஐந்தாறு வேண்டும். பேட்டரிகளைச் சுமப்பது என் வேலை. அக்கா மேடைக்கு எதிரே கோரைப்பாயில் படுத்துக்கொண்டு, கர்ணன் வரும்போது எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போவாள்.

அப்பா 2020 ஜூனில் இறந்தார். மார்ச் மாதமே வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா எல்லாவற்றையும் கைப்பேசித் திரையில்தான் பார்த்தாள். இரண்டாண்டு கழித்து வந்தபோது அவள் கேட்டது நாடாக்களைத்தான். போட்டுக் காட்ட வீட்டில் ஓடுகிற கருவி இல்லை. "அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுடா" என்று சொல்லிப் போனாள்.

பழைய டெக் ஒன்றைத் தேடிப்பிடித்துச் சரிசெய்து, நாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினேன். இதில் குறுக்குவழி கிடையாது. முப்பத்தாறு மணி நேர ஒலியை ஏற்ற முப்பத்தாறு மணி நேரம் ஆகும். அப்படியே யூடியூபில் ஏற்றிவிடலாமே, ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பிவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். நண்பர்களும் கேட்டார்கள். ஆனால் அப்பா கூத்து வாத்தியாருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கேசட் ஊரெல்லாம் சுற்றினால் நாளைக்கு எங்களை யார் கூப்பிட்டு ஆடவைப்பார்கள் என்று வாத்தியார் கவலைப்பட, "வெளியில் தரமாட்டேன், வீட்டில் வைத்துக் கேட்பதோடு சரி" என்று அப்பா சொன்னதை அருகில் நின்று கேட்டவன் நான். அக்காவும் அதையேதான் சொன்னாள். "காப்பி வேணாம்டா. நம்ம வீட்டுல இருக்கறத இங்கிருந்து கேட்டாப் போதும்."

அதாவது, ஒலி எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அக்கா அதைச் சிங்கப்பூரிலிருந்து கேட்க வேண்டும். அதற்கும் வழி உண்டு. பழைய மடிக்கணினி ஒன்றில் நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். ஆங்கிலத்தில் சர்வர் என்பதை நம்மவர்கள் வழங்கி என்று மொழிபெயர்த்தார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான அதியமானின் தகடூரில் உட்கார்ந்திருப்பவனுக்கு, இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. வீட்டுக்குள் கைப்பேசியில் அழகாகப் பாடியது. மறுநாள் கல்லூரி ஆசிரியர் அறையில் அமர்ந்து அதே முகவரியைத் தட்டினேன். பதிலே இல்லை.

கணினித் துறை நண்பர் சிரித்தார். 192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, உலகத்தில் பாதி வீடுகளுக்கு அதே எண்தான் என்றார். இணையப் பெட்டியில் ஒரு வாயிலைத் திறந்து, 4533 என்ற எண் சொல்லி வருபவர்களை மடிக்கணினியிடம் அனுப்பச் சொல்லிக் கட்டளையிடுமாறு கற்றுத் தந்தார். செய்தேன். அப்போதும் பதில் இல்லை. மூன்று இரவுகள் பெட்டியை அணைத்தேன், போட்டேன், எண்களை மாற்றினேன். நான்காம் நாள் நண்பர் வேறொன்றைப் பார்க்கச் சொன்னார். இணையப் பெட்டி தன் வெளி முகவரி என்று காட்டும் எண் என்ன? வெளியே ஒரு தளத்தில் கேட்டால் தெரியும் எண் என்ன? இரண்டும் ஒத்துப்போகவில்லை. பெட்டி காட்டிய எண் 100.72 என்று தொடங்கியது. "அவ்வளவுதான் சார், உங்களுக்கு மேல இன்னொரு வாட்ச்மேன் இருக்கான்" என்றார்.

விஷயம் இதுதான். இணைய முகவரிகள் முதலில் முப்பத்திரண்டு இரும இலக்கங்களில் அமைக்கப்பட்டன. மொத்தம் சுமார் 429 கோடி. அன்றைக்கு அது கடலளவாகத் தெரிந்திருக்கும். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்த ஏற்பாட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை 2012-ல் ஒதுக்கிவைத்தார்கள். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தெருவில் ஒரே கதவிலக்கம் இருப்பதைப் போல. உள்ளிருந்து எவரும் வெளியே போகலாம், போன காரியத்துக்கான பதிலும் திரும்பி வரும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து நின்றால், எந்த வீட்டுக்கு என்று காவலாளிக்குத் தெரியாது. என் வாயிலோனுக்கு நான் கட்டளையிடலாம். அவனுக்கு மேலே நிற்பவன் என் ஆள் இல்லை.

புறநானூற்றின் 206-ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஔவையார் பாடியது. அவர் மன்னனிடம் பேசவில்லை, வாயிற்காவலனிடம் பேசுகிறார். உன் தலைவன் தன்னை அறியானா, இல்லை என்னை அறியானா என்று கேட்கிறார். மன்னனுக்குச் சொல்ல வேண்டியதை ஏன் காவலனிடம் சொல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கதவுக்கு இந்தப்புறம் நின்று பார்த்தால் காவலன் ஒருவன்தானே கண்ணுக்குத் தெரிவான் என்ற பதில், எனக்கே அந்த வாரத்தில்தான் தோன்றியது.

நிலையான தனி முகவரி தர முடியுமா என்று இணைய நிறுவனத்திடம் கேட்டேன். வீட்டு இணைப்புகளுக்குக் கிடையாது என்றார்கள். நூற்றிருபத்தெட்டு இலக்கங்கள் கொண்ட புதிய வகை முகவரி இருந்தால் இந்தப் பஞ்சமே இல்லை. அதுவும் எங்கள் இணைப்புக்கு வந்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், கிடைக்காததும் நல்லதற்கே. பொது முகவரியில் திறக்கும் வாயில் அக்காவுக்கு மட்டும் திறக்காது. திறந்த கதவுகளைத் தேடி இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். அப்பாவின் வாக்கைக் காப்பாற்றத்தானே இவ்வளவு பாடும்?

கடைசியில் உதவியது டெயில்ஸ்கேல் என்ற ஏற்பாடு. வயர்கார்ட் என்னும் மறையாக்க முறையின்மேல் அமைந்தது. அதன் தந்திரத்தை அகத்திணையைக்கொண்டுதான் எனக்கு விளங்கிக்கொள்ள முடிந்தது. காவல் கடுமையானது, ஆனால் உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதில்லை. எனவே இருபுறத்தாரும் வெளியே வந்து ஒரு தோழியிடம் தம் இருப்பிடத்தைச் சொல்கிறார்கள். தோழி இருவருக்கும் குறியிடம் உரைக்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் செய்தி அனுப்ப, இரண்டு காவலர்களும் தம் வீட்டார் அனுப்பியதற்கு வந்த பதில் என்று எண்ணி வழிவிடுகிறார்கள். அது பலிக்காவிட்டால் இடையில் ஓர் அஞ்சல் கணினி கைமாற்றித் தரும். எப்படியானாலும் பேச்சின் பொருள் தோழிக்குத் தெரியாது. திறவுகோல் அவரவர் கருவியை விட்டு வெளியே போவதில்லை.

நிறுவி முடித்ததும் மடிக்கணினிக்கு ஒரு புது முகவரி கிடைத்தது. அதுவும் 100 என்றே தொடங்கியது. எந்த எண்வரிசை என்னை மூன்று இரவு வாயிலில் நிறுத்தியதோ, அதே வரிசையிலிருந்துதான் இதற்கும் எண் எடுக்கிறார்கள். கல்லூரி மரத்தடியில் நின்று தட்டினேன். முகவீணை ஒலித்தது.

2025 ஜூனில் அப்பாவின் ஐந்தாமாண்டு நினைவு நாள். படையல் முடிந்து மாலை ஆறு மணிக்குக் கேட்பதாக ஏற்பாடு. சிங்கப்பூரில் அப்போது எட்டரை. ஆறேகாலுக்கு அக்கா அழைத்தாள். "ஒண்ணும் வரலடா." அவள் குரலில் ஏமாற்றத்தைவிட ஒரு பழக்கப்பட்ட பொறுமை இருந்தது, அதுதான் என்னை வருத்தியது. வெளியே போயிருந்த நான் வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இணையப் பெட்டியில் விளக்குகள் சரியாக இருந்தன. மடிக்கணினி மூடிக் கிடந்தது, மேலே வெள்ளைத் துண்டு ஒன்று விரித்திருந்தது.

"திறந்தே கெடக்குதேன்னு மூடி வச்சேன் கண்ணு. தூசி அடையும்ல" என்றாள் அம்மா.

மூடினால் உறங்கிவிடும் கணினி அது. திறந்தேன். மூடினாலும் உறங்காதபடி மாற்றிவிட்டு, அக்காவிடம் மறுபடி தட்டச் சொன்னேன். தாளமும் மத்தளமும் எழுவதற்கு முன்னால் அப்பாவின் குரல் ஊரின் பெயரையும் தேதியையும் சொன்னது. கர்ண மோட்சம் என்றது. பிறகு ஒலிவாங்கியிலிருந்து சற்று விலகி, "பாப்பா தூங்கட்டும், கர்ணன் வர்றப்ப எழுப்பிக்கலாம்" என்று யாரிடமோ சொன்னது. அநேகமாக என்னிடம்தான். தொலைபேசியில் அக்கா எதுவும் பேசவில்லை. சிறிது நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

எந்தப் பதிவை எத்தனை முறை கேட்டார்கள் என்று நாவிட்ரோம் கணக்கு வைத்திருக்கும். மறுநாள் காலையில் பார்த்தேன். அந்த நாடாவின் முதல் பக்கம் நான்கு முறை. அதைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை.