கச்சிபௌலியும் நிழலில்லா நாளும்

ஐதராபாத்தின் கச்சிபௌலி ஏறத்தாழ 17.4 பாகை வடக்கு அட்சரேகையில் அமைந்துள்ளது. ஆதலால் ஆண்டுக்கு இருமுறை, மே 9 வாக்கிலும் ஆகஸ்ட் 3 வாக்கிலும், நண்பகற் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். விண்வெளிக் கல்விக்கு இதைவிட மலிவான பாடம் கிடையாது. ஆயினும் முதல் நாள் கோடை விடுமுறையில் விழுகிறது. இரண்டாவது நாளைப் பெரும்பாலும் பருவமழை மேகம் விழுங்கிவிடுகிறது.

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளாகியிருக்கிறது. வினாடி வினா, ஓவியப் போட்டி, அட்டை ராக்கெட் என்று பள்ளிகள் கொண்டாடுகின்றன, நல்லதுதான். இஸ்ரோ 2019இல் தொடங்கிய ‘யுவிகா’ பயிற்சி இன்னும் ஆழமானது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையமும் அதனை நடத்துகிறது. ஆனால் நாடு முழுவதிலுமிருந்து சில நூறு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கே அதில் இடம். மற்றவர்களுக்கு வாய்ப்பவர் அவரவர் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் மட்டுமே.

அந்த ஆசிரியர் நிழலில்லா நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 21 வாக்கில் கச்சிபௌலியில் ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் சுமார் 31 செ.மீ.; சென்னையில் சுமார் 23 செ.மீ. இரு பள்ளிகள் தொலைபேசியில் பேசிக்கொண்டால் போதும். கோண வேறுபாடு 4.3 பாகை, நிலப்படத்தில் அளந்த வடக்கு-தெற்குத் தொலைவு சுமார் 480 கி.மீ. (சாலைத் தொலைவை எடுத்துவிடக் கூடாது.) எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் கையாண்ட அதே வழியில் புவியின் சுற்றளவு 40,000 கி.மீ. அளவில் கிடைத்துவிடும்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுவது; கச்சிபௌலியோ அதற்கு மேற்கே உள்ளது. அன்று அங்கே உண்மையான நண்பகல் 12.24 அளவில்தான், சென்னையில் 12.16. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அளப்பவர் ஏமாறுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து, மிகக் குறுகியதைத் தேர்வதே முறை.

ஒரு செ.மீ. பிசகினாலும் சுற்றளவில் 5,000 கி.மீ. அளவுக்குப் பிழை வரக்கூடும். பிழையான விடையோடு வகுப்பின் முன் நிற்க ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்கும் பயிற்சி அரிது. பாடநூலின் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 45,000 என்று கணக்கிட்ட மாணவியின் விடையை அடித்துவிடுவது எளிது. அவளது கோல் சற்றுச் சாய்ந்திருந்ததா, நுனியின் மங்கலில் எதை நிழலாகக் கொண்டாள் என்று கேட்க இன்னொரு பாடவேளை வேண்டும்.