காதால் தேடும் சொல்

பெசன்ட் நகரில், அருண்டேல் கடற்கரைச் சாலையில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூலகம் இருக்கிறது. 1942இல் ஐயர் மறைந்த பிறகு, அவர் தேடிச் சேர்த்த ஏடுகளும் நூல்களும் சிதறிவிடக் கூடாது என்று ருக்மிணி தேவி அருண்டேல் அடுத்த ஆண்டே தொடங்கியது. ஐயரின் பதிப்புகளைப் புகழ்கிறவர்கள் பாடவேறுபாடுகளைப் பேசுவார்கள், முன்னுரைகளைப் பேசுவார்கள். அந்த நூல்களில் அவர் உழைத்துச் சேர்த்த அரும்பத அகராதிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மூலத்தை அச்சிட்டுவிட்டால் மட்டும் வாசகர் உள்ளே வந்துவிட முடியாது, தெரியாத சொல்லைத் தேடிக் கண்டடையவும் வழி செய்து தர வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த நினைப்பை இன்றைய கணினி அகராதிகள்வரை கொண்டு வந்தால் ஒரு கேள்வி எழுகிறது. திரையைப் பார்க்காமல், திரைவாசிப்பான் படித்துக் காட்டக் காதால் கேட்கிற வாசகருக்கு நம் அகராதிகள் வழி செய்து தந்திருக்கின்றனவா? பெரும்பாலும் இல்லை என்பதே என் எண்ணம். பார்வையுள்ளவரைவிடப் பார்வையற்றவருக்குத்தான் அகராதி அதிகம் தேவை என்பதால் இந்தக் குறை சிறியது அல்ல.

அதிகம் தேவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்வையுள்ளவர் எழுத்துக்கூட்டலைத் தனியாகக் கற்பதில்லை. செய்தித்தாள், கடைப்பலகை, பேருந்தின் நெற்றி என்று நாள்தோறும் கண்ணில் பட்டே அது மனதில் படிந்துவிடுகிறது. காதால் படிக்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முந்நூறு என்பதும் முன்னூறு என்பதும் ஒலியில் ஒன்றுதான். அரமும் அறமும், மரையும் மறையும் பலருடைய பேச்சில் வேறுபடுவதில்லை, செயற்கைக் குரலிலும் நம்பி வேறு பிரித்துவிட முடியாது. லகர ளகர ழகரங்களைச் சொல்லவே வேண்டாம். சுட்டியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்டால் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியும். எது சரி என்பதை அகராதிதான் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியம் படித்து ஆசிரியர்களாகவும் பேராசிரியர்களாகவும் பணியாற்றும் பார்வையற்றவர்கள் தமிழ்நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். சங்கப் பாடலை வகுப்பில் நடத்துகிறவருக்கு ஒரு சொல்லைத் தாமே, யாரையும் எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்தில் சரிபார்க்க முடியவில்லை என்றால் அது அவருடைய தொழிலையே தொடும் விஷயம். இதற்குத்தான் பிரெய்ல் இருக்கிறதே என்று கேட்கலாம். பிரெய்லில் கற்றவர்களுக்கு எழுத்துக்கூட்டல் விரல்நுனியில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நடுவயதில் பார்வை இழந்தவர்களும், பொதுப்பள்ளியில் ஒலிப்பதிவைக் கேட்டே படித்தவர்களும் பலர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்தபோதே ஏறத்தாழ நாலாயிரம் பக்கங்களைக் கொண்டிருந்தது. அதைப் பிரெய்ல் தாளில் அடித்து யார் வீட்டில் வைப்பது?

அகராதி கண்ணுக்கே உரியது என்ற எண்ணமும் நம் மரபில் பழையது அல்ல. திவாகரமும் பிங்கலமும் சூடாமணி நிகண்டும் செய்யுளில் அமைந்தவை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அவற்றைக் காதால் வாங்கி மனப்பாடம் செய்தார்கள். சொல்லைத் தேட ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை, எதுகை பிடித்துக்கொண்டு போனால் சொல் வந்து நிற்கும். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் சொற்களை அகரவரிசையில் அடுக்கியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அப்போதிலிருந்து சொல்தேடல் கண்ணின் வேலையாகிவிட்டது. கணினி வந்த பிறகு அந்தக் கட்டாயம் மறுபடியும் நீங்கியது. சொல்லைத் தட்டினால் பதிவு வந்துவிடும், வரிசையில் தேடிப் போக வேண்டாம். இவ்வளவு நல்ல வாய்ப்பு கைக்கு வந்த பிறகும், வந்த பதிவைக் காது படிக்கும்படி நாம் அமைக்கவில்லை.

தடைகள் மூன்று விதம். முதலாவது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் உருவம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கண்ணுக்கு அது ‘அம்மா’. திரைவாசிப்பானுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது, இருந்தும் அதற்கு முன் உருவான கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டாவது, பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டு மின்னாக்கம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வது. படத்தில் எழுத்து இல்லை, ஆகவே அங்கே குரலும் எழாது. மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது: பதிவின் அமைப்பு. பேரகராதியின் ஒரு பதிவில் தமிழ்த் தலைச்சொல், மேற்குறிகளோடு ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, இலக்கணக் குறுக்கம், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள், நூலின் பெயர்ச்சுருக்கம் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. அச்சில் சாய்வெழுத்தும் எழுத்தளவும் இவற்றைப் பிரித்துக் காட்டும், காதுக்கு அந்த உதவி கிடையாது. எது தமிழ், எது ஆங்கிலம் என்று பக்கத்தின் நிரலில் குறித்து, ஒவ்வொரு பொருளையும் தனி வரியாக்கி, ‘சிலப்.’ என்பதைச் ‘சிலப்பதிகாரம்’ என்று விரித்தால் போதும். அதே பதிவு தெளிவாகக் காதில் விழும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழ்க் குரலும் உண்டு. வாசிக்கும் கருவி தயாராக இருக்கிறது, வாசிக்கத் தகுந்த பதிவுதான் இல்லை.

இனி படத்தையே கணினி எழுத்தாக மாற்றிவிடுகிறது, தனியாக எதற்கு உழைக்க வேண்டும் என்பார்கள். கட்டுரையிலோ கதையிலோ ஓர் எழுத்து பிழைத்தால் முன்னும் பின்னும் உள்ள சொற்கள் காப்பாற்றும். அகராதியின் தலைச்சொல்லில் பிழைத்தால் அந்தச் சொல்லே காணாமல் போய்விடும். தேடினால் இல்லை என்று பதில் வரும், வாசகரும் அதை நம்பிவிடுவார். இங்கே கண்ணும் எப்போதும் நம்பத்தக்கது அல்ல. ‘கௌ’ என்பதற்குக் ‘கெ’யையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி வைப்பவர்கள் உண்டு. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றே, திரைவாசிப்பானோ ‘கெள’ என்று சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். பார்வையற்ற தமிழறிஞர்களைச் சம்பளம் கொடுத்து மெய்ப்புப் பார்க்க அமர்த்தினால், பார்வையுள்ளவருக்கும் அந்த அகராதி மேம்படும். கைபேசியிடம் கேட்டால் செயற்கை நுண்ணறிவு பொருள் சொல்லிவிடுகிறதே என்பதும் அடிக்கடி கேட்கிற வாதம். பொருள் சொல்லும். அந்தப் பொருளில் யார், எந்த நூலில் ஆண்டார் என்ற சான்றுதான் அகராதியின் உயிர். சரிபார்க்க வழியில்லாத விடையைப் பார்வையற்றவருக்கு மட்டும் போதும் என்று சொல்வது நியாயமாகாது.

பதிப்பாளர்களின் தயக்கத்தில் நியாயம் அதிகம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது; 2020இல் மூன்றாம் பதிப்பு கண்டது. அரசு நிறுவனம் அல்லாத ஒரு சிறிய பதிப்பகத்தின் பல்லாண்டு உழைப்பு அது. கோப்பைக் கொடுத்தால் ஊரெங்கும் பரவிவிடும் என்று அஞ்சுவதைக் குறை சொல்ல முடியாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவங்களை ஆக்க அனுமதிக்கிறது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவங்களுக்கு வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான், 2014இல். ஆனாலும் இதைச் சட்டத்தை மட்டும் காட்டி வாங்க வேண்டியதில்லை. படிக்கத்தக்கதாகக் கொடுங்கள் என்பது இலவசமாகக் கொடுங்கள் என்பதாகாது. திரைவாசிப்பானோடு ஒத்துழைக்கும் செயலியை விலைக்கு விற்கலாம், வாங்க ஆளிருக்கிறது.

உரிமைச் சிக்கலே இல்லாத நூல்களிலிருந்து தொடங்குவது எளிது. ஐயரின் பதிப்புகள் அத்தகையவை. குறுந்தொகைப் பதிப்பின் சொல்லகராதியையும் சிலப்பதிகாரத்தின் அரும்பதங்களையும் யூனிகோடில், தலைச்சொல்லும் பொருளும் பாட்டெண்ணும் தனித்தனியே கேட்கும்படி அமைத்து, பாட்டெண்ணைத் தட்டினால் மூலம் ஒலிக்கும்படி இணைத்துவிடலாம். பெசன்ட் நகரில் நூல்கள் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. மூன்றும் அடையாற்றின் தென்கரையிலேயே, சில கிலோமீட்டருக்குள் உள்ளவை.