மாவுக்கட்டும் சில படங்களும்

மாடிப்படியில் இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தேன். இல்லை. கணுக்காலில் விரிசல். டாக்டர் ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டு, "ரெஸ்ட் எடுங்க, நல்லா படம் பாருங்க" என்றார். 71 வயசுக்காரனுக்கு வைத்தியத்தோடு இலவச இணைப்பு.

மனைவி, மகளின் பிரசவத்துக்காகக் கடல் கடந்து போயிருந்த நேரம். செய்தி கேட்டு கோயமுத்தூரிலிருந்து தங்கை கிளம்பி வந்துவிட்டாள். அவளுக்கு 65. வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து நான், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு பாப்பா, எதிரே டி.வி. ஆறு வாரத்தில் முப்பது படமாவது பார்த்திருப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு சினிமா ஞானம் கிடையாது. கேமரா எங்கே இருக்கிறது, எடிட்டர் எங்கே வெட்டினார் என்பதெல்லாம் பிடிபடாது. டிக்கெட் வாங்கினோமா, முறுக்கு தின்றோமா, கடைசியில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பினோமா என்கிற ஜாதி. பாப்பா என்னைவிட மோசம். ஆனால் அவள் அபிப்பிராயங்கள் ஒரு வரிக்கு மேல் போகாது என்பதால் என்னுடையதைவிட உசத்தி.

முதலில் போட்டது 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத தமிழ்ப்படம் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர். வீணை வித்வான் எடுத்த படத்தில் பாட்டு கிடையாது என்பதில் அவருக்கே ஒரு குறும்புச் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஜப்பான்காரன் சென்னை மேல் குண்டு போட்ட சமயத்துக் கதை. படம் ஆரம்பித்ததும் சிவாஜி செத்துப்போகிறார். அப்புறம் ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். வந்த புதிதில் சரியாக ஓடவில்லை. ஓடாததில் ஆச்சரியமில்லை. காசு கொடுத்து சிவாஜியைப் பார்க்க வந்தவனுக்கு முதல் ரீலிலேயே சிவாஜி பிணம் என்றால் எப்படி இருக்கும்? யார் சுட்டது என்பதை 70 வருஷம் கழித்தும் நான் சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் இருப்பீர்கள். பாப்பா பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "எப்படி?" என்றேன். "அவ மூஞ்சியப் பாத்தா தெரியலையா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

'காதலிக்க நேரமில்லை' (1964) பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ரீதரும் கோபுவும் செய்த அந்தப் பலகாரம் இன்னும் ஊசிப்போகவில்லை. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியில் எல்லோரும் நாகேஷைப் பார்ப்பார்கள். இந்தத் தடவை நான் பாலையாவை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் ஒரு தடவை அப்படிப் பாருங்கள். பயப்படுகிற வேலை முழுக்க அவருடையது. கேட்கிறவர் அப்படி இல்லாவிட்டால் சொல்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பார்த்தபோது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்துக்கு சிவாஜி கன்னம் உப்புவதை ரசித்துக்கொண்டிருந்தேன். பாப்பா, "வைத்தி மாதிரி ஒரு ஆளு எங்க காலனியிலயும் இருக்கான்" என்றாள். முடிந்தது விமர்சனம்.

புதுப்படங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். சத்தம் அதிகம், வெட்டு அதிகம், வீட்டுக்குள்ளேயே இருட்டாக இருக்கிறது. ஆனால் தேடினால் நல்லது அகப்படுகிறது. '96' (2018) எனக்குப் பிடித்தது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் 22 வருஷம் கழித்து சென்னையில் கூடுகிறார்கள். அந்த ஒரு ராத்திரிதான் கதை. ஆணும் பெண்ணும் விடிகிறவரை பேசுகிறார்கள், தவறாக ஒன்றும் நடக்கவில்லை, அதுவே நெஞ்சை அடைக்கிறது. கொஞ்சம் நீளம். பாப்பா, "எங்க ஸ்கூல்ல இப்படிக் கூடினா, யாரு பங்குப் பணம் குடுக்கலைங்கறதுலயே விடிஞ்சிரும்" என்றாள்.

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது 'கடைசி விவசாயி' (2022). மணிகண்டன் இயக்கியது. மாயாண்டி என்கிற கிழவராக நடித்தவர் நல்லாண்டி, நிஜ விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த பாவத்துக்கு அவர் மேல் கேஸ் போட்டு ரிமாண்ட் பண்ணிவிடுகிறார்கள். அவருக்குக் கவலை கேஸைப் பற்றி இல்லை, தண்ணி பாய்ச்சாத பயிரைப் பற்றி. அவர் உள்ளே இருக்கையில் பயிரைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வயலுக்குப் போகிறார். சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஏன் சிரித்தோம் என்று சங்கடமாகவும் இருக்கிறது. "அவரு நடிக்கலண்ணே. சும்மா இருக்காரு" என்றாள் பாப்பா. நடிப்பு பற்றிப் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நாலாவது வாரம் அவளாகவே ஒரு வரிசை பிடித்தாள். அண்ணன் - தங்கை படங்கள். 'பாசமலர்' (1961) போட்டோம். எங்கள் அம்மா மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுத படம். அண்ணனும் தங்கையும் கைகோத்தபடி சாகிறார்கள். அடுத்து பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' (1993). விஜயகுமார் அண்ணன், ராதிகா தங்கை. இதிலும் கடைசியில் தங்கை சாகிறாள். பாப்பா ரிமோட்டை வைத்துவிட்டு, "ஒங்க பாசத்துக்கெல்லாம் முடிவுல நாங்க சாகணும் போல" என்றாள். 'ஒங்க' என்றதைக் கவனித்தேன். கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் 'முள்ளும் மலரும்'.

1978 ஆகஸ்ட் 15 ரிலீஸ். திண்டுக்கல்லில் அதைப் பார்த்தபோது எனக்கு 24 வயசு. அப்பா தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு நான்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். உமாசந்திரன் கல்கியில் எழுதிய நாவல். மகேந்திரன் முதல் தடவையாக இயக்கியது, ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது காளி மட்டும்தான். விஞ்ச் ஆபரேட்டர் காளி, அப்பா அம்மா இல்லாத தங்கையை வளர்க்கும் காளி, புதிதாக வந்த இன்ஜினீயரைக் கண்டால் ஆகாத காளி. ரஜினி அந்தப் படத்தில் ஸ்டைலை எல்லாம் கொஞ்சம் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மனுஷனாக நடித்திருப்பார். லாரி ஏறி ஒரு கை போனதும் இன்ஜினீயர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார். தியேட்டரே இன்ஜினீயரைத் திட்டியது. நானும் திட்டினேன்.

அந்த இன்ஜினீயரைத்தான் தங்கை வள்ளிக்குப் பிடித்துப்போகிறது. காளி வேறு ஒருவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறான். ஊர்ப் பெரிய மனிதர்களும் காளியின் மனைவி மங்காவுமே வள்ளியை அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள். வழியில் காளி நிற்கிறான். அவனைப் பார்த்ததும் வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு ஓடிவந்து அவனிடம் ஒட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான், காளிக்குத் தலைகால் புரியவில்லை. என் தங்கைக்கு எல்லாரையும்விட நான்தான் பெரிசு என்று பூரித்து, அவனே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும், இப்பவும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறான். 1978ல் அந்த இடத்தில் நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது பார்த்தால் இன்ஜினீயர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கம்பெனி விஞ்சில் ஊர்க்காரர்களை ஓசியில் ஏற்றாதே என்கிறார். நான் பின்னால் ஆபீசராகி அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சரத்பாபு குரலை உயர்த்தாமல், கண்ணியமாக நடந்துகொள்கிறார். ஷோபாவைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. படம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 16 நிறையவில்லை. 1980ல் போய்விட்டார்.

கிளைமாக்ஸ் வந்தது. வள்ளி ஓடிவந்தாள். எனக்கு இப்போதும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது பாப்பா கேட்டாள்:

"அவ ஏண்ணே திரும்பி வரணும்?"

"பாசம்" என்றேன்.

"அப்ப திரும்பி வராதவளுக்குப் பாசம் இல்லியா?"

இந்த இடத்தில் கொஞ்சம் வீட்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1981ல் பாப்பா ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனிதர். வேற ஆளுங்க. அது ஒன்றுதான் காரணம். ஆனால் அதை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சம்பளம் பற்றாது என்றேன், ஜாதகம் என்றேன், அவர் சிகரெட் பிடிப்பதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்றேன். நானே அப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் இழுத்தடித்தேன். 1983 ஜூனில் ஒரு திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் அவர்கள் கல்யாணம் நடந்தது. அம்மா போனாள். நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். சாயங்காலம் ஓவர்டைம் வேறு பார்த்தேன்.

வழியில் போய் நின்றிருந்தால் அவள் ஓடிவந்திருப்பாளோ என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். நான் நிற்கவே இல்லை என்பது மட்டும் வசதியாக மறந்துபோகும். அடுத்த வருஷம் குழந்தை பிறந்ததும் வெள்ளிக் கொலுசோடு போனேன். மாப்பிள்ளை என்னவோ நேற்றுதான் பார்த்த மாதிரி, "வாங்க மச்சான்" என்றார். காப்பி வந்தது. அதோடு அந்த அத்தியாயத்தை மூடிவிட்டதாக நான் நினைத்திருந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அவளும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

"காளியாச்சும் ரோட்டுல வந்து நின்னான்" என்றாள் பாப்பா. கோபமாக இல்லை. 'அந்த நாள்' பார்க்கும்போது யார் கொலைகாரன் என்று சொன்ன அதே குரல். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கால் நன்றாக இருந்திருந்தால் நானும் எழுந்து எங்காவது போயிருப்பேன். மாவுக்கட்டு விடவில்லை.

கடைசி வாரம் 'மெய்யழகன்' (2024). '96' எடுத்த அதே பிரேம்குமார். தஞ்சாவூர் வீட்டை 1996ல் சொந்தக்காரர்களிடம் இழந்துவிட்டு வெளியேறிய குடும்பம். பல வருஷத்துக்குப் பிறகு, தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்காக அரவிந்த்சாமி நீடாமங்கலம் போகிறார். போய் முகத்தைக் காட்டிவிட்டு ராத்திரியே பஸ் ஏறிவிடுவதாகத் திட்டம். அங்கே கார்த்தி வந்து ஒட்டிக்கொள்கிறார். அத்தான் அத்தான் என்று உருகுகிற அந்த ஆள் யார், பெயர் என்ன என்று இவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். இதை வைத்து ஒரு முழுப்படம். பேச்சு அதிகம், எனக்கு அலுக்கவில்லை. படம் வெளிவந்த பிறகு நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள்.

நீங்கள் பார்த்திருந்தால் அந்த மேடைக் காட்சி ஞாபகம் இருக்கும். கூட்டத்தோடு வரிசையில் நின்று மேடையேறும் அரவிந்த்சாமி, கொண்டுவந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணப்பெண்ணுக்குப் போட்டுவிடுகிறார். அந்தப் பெண் அழுகிறாள். வசனம் அதிகம் கிடையாது.

நான் ரிமோட்டை எடுத்தேன். சத்தத்தைக் குறைக்கப் போகிறேனா, நிறுத்தப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இருக்கட்டும், விடு" என்றாள் பாப்பா, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விட்டேன். அந்தக் காட்சி முடிகிறவரைக்கும் அவள் பேசவில்லை. முடிந்ததும், "பாப்பா, அன்னிக்கு நான் வந்திருக்கணும்" என்றேன். 42 வருஷமாக ஒத்திகை பார்த்த வசனம் இல்லை. பார்த்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "வந்திருந்தா சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கலாம். ஒரு ஆள் கொறஞ்சு போச்சுன்னு வாசல்ல டீக்கடைக்காரரக் கூட்டிட்டு வந்தோம்" என்றாள். "அவரு கையெழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஆறாவது வாரம் மாவுக்கட்டை அறுத்து எடுத்தார்கள். உள்ளே கால் வேறு யாருடையதோ மாதிரி மெலிந்து வெளுத்திருந்தது. பாப்பா மறுநாள் கோவை எக்ஸ்பிரஸில் கிளம்பிவிட்டாள். படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும், ஊறுகாய் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, ரத்தக் காட்சி உள்ள படமெல்லாம் ராத்திரி பார்க்க வேண்டாம் என்று மூன்று உத்தரவுகள்.

நேற்று போன் பண்ணினாள். மாப்பிள்ளையை உட்காரவைத்து 'மெய்யழகன்' போட்டுக் காட்டினாளாம். முடிந்ததும் அவர் கேட்டாராம், வெட்டின அந்தப் பதினெட்டு நிமிஷம் எங்கே கிடைக்கும் என்று.

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"நீ சும்மாதானே இருக்கே, விசாரிச்சு வை" என்று வைத்துவிட்டாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.