ஓக் வனம், ஸ்ப்ரூஸ் வரிசை, மொட்டைக் குன்று

அயர்லாந்தில் 'லாஃக்' என்றொரு சொல் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி 'லஃப்' என்று படித்தால் உள்ளூரார் புன்னகைப்பார்கள். நம் ஆய்தத்தை ஒத்த ஓர் ஒலி தொண்டையிலிருந்து எழவேண்டும். நன்னீர் ஏரியும் லாஃக்தான். மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடலும் லாஃக்தான். கார்லிங்ஃபோர்டு லாஃக் இரண்டாவது வகை. பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் ஐரிஷ் கடல் புகுந்து நிற்கிறது. பெயரின் பின்பாதி வைக்கிங்குகள் விட்டுச்சென்றது; நார்வேயின் ஃபியோர்டுதான் இங்கே ஃபோர்டு ஆகியிருக்கிறது. வடகரையில் மோர்ன் மலைகள், அது ஐக்கிய முடியரசு. தென்கரையில் கூலி தீபகற்பம், அது அயர்லாந்துக் குடியரசு. எல்லைக்கோடு நீரின் நடுவே ஓடுகிறது. அதைப்பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மரங்களைப்பற்றி.

நீலகிரிப் புல்வெளிகளின் சூழலியல் வரலாறு என் ஆய்வுப்பொருள் என்பதை இங்குள்ள நண்பர்கள் அறிவார்கள். சென்ற மே மாதம் பெல்ஃபாஸ்டில் ஒரு கருத்தரங்கு முடிந்தபின் கையில் இரண்டு நாள் மிஞ்சியது. நியூரி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கரையோரப் பேருந்தில் ராஸ்ட்ரெவர் என்ற சிற்றூரில் இறங்கினேன். ஊருக்கு மேலே கில்பிரோனி பூங்கா; பூங்காவை ஒட்டி ஓக் வனம்; அதற்கு மேல் அரசு வனத்துறை நட்ட ஊசியிலை மரங்கள்; எல்லாவற்றுக்கும் மேலே 485 மீட்டர் உயரத்தில் ஸ்லீவ் மார்ட்டின் உச்சி. உதகையில் தேநீர் குடிப்பவர் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான உயரத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது வேறு விஷயம். கடல்மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்குவதால் 485 மீட்டரும் முழுமையாகக் காலுக்குத் தெரிந்தது.

ஓக் வனம் செங்குத்தான சரிவில் நிற்கிறது. நேராக வளராமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். பட்டை தெரியாதபடி பாசி. கிளைக்கவட்டில் மண் சேர்ந்து அதில் முளைத்த பெரணி. அடியில் ஹோலியும் ஹேசலும். மே மாதமாதலால் தரையெங்கும் நீலமணிப் பூக்கள். காட்டுப்பூண்டின் வாடை, நம் சமையலறை அங்கே வந்துவிட்டதுபோல. இலைகள் அப்போதுதான் விரிந்திருந்தன. அவற்றினூடே வந்த வெளிச்சத்துக்குப் பச்சை என்று மட்டும் பெயர் சொன்னால் போதாது. செவ்வணில்கள் இங்கே இன்னும் உண்டு என்றார்கள். எனக்குக் காட்சி தரவில்லை. பெல்ஃபாஸ்டில் பிறந்த சி. எஸ். லூயிஸ் தம் நார்னியா உலகுக்கான நிலத்தோற்றத்தை இந்தப் பகுதியில்தான் கண்டார் என்பதால் பூங்காவில் குழந்தைகளுக்கென ஒரு நார்னியாப் பாதையும் அமைத்திருக்கிறார்கள். அதை விரைவாகக் கடந்தேன்.

நாயோடு நடந்துகொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் பேச்சுக்கொடுத்தார். இவ்வூரின் புனித பிரோனாவின் மணியைப்பற்றி முதலில் கேட்டது அவரிடம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியின் ஓசை காற்றடிக்கும் இரவுகளில் இப்பள்ளத்தாக்கில் கேட்பதாகத் தலைமுறைகளாக நம்பிக்கை இருந்ததாம். 1885இல் ஒரு புயலில் பழைய ஓக் மரமொன்று சாய்ந்தது. மரத்துக்குள்ளே மணி இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒளித்துவைத்ததை மரம் தன் வளர்ச்சிக்குள் மூடிக்கொண்டுவிட்டது. இன்று அம்மணி ஊரின் கத்தோலிக்கத் தேவாலயத்தில் இருக்கிறது. ஓர் ஆவணத்தை மரம் காப்பாற்றிக் கொடுத்த கதை என்று வரலாற்று மாணவர் அதைக் கொண்டாடலாம்.

அந்த அம்மையார் கதையைச் சொல்லிவிட்டு, "இவ்வளவுதான் மிச்சம்" என்றார். மணியைச் சொல்லவில்லை, வனத்தைச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்துத் தீவில் காட்டுப்பரப்பு சுமார் ஒரு சதவீதமாகச் சுருங்கியிருந்தது. உழவுக்கும் மேய்ச்சலுக்கும் கற்காலம் தொட்டே அழித்தார்கள். ஈரம் மிகுந்த காலநிலையில் சதுப்பு பரவி மரத்தை மீளவிடவில்லை. எஞ்சியதைப் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேய ஆட்சி கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உலைக்கும் வெட்டியது. கலகக்காரருக்குக் காடு மறைவிடம் என்ற அச்சமும் அரசுக்கு இருந்தது. மரம் போயிற்று, பெயர் நின்றது. டெர்ரி நகரத்தின் பெயருக்கு ஓக் தோப்பு என்று பொருள். 'ராஸ்' என்பதற்கு வனம் என்றும் நிலமுனை என்றும் பொருள் சொல்கிறார்கள். மாங்காட்டுக்கும் திருவேற்காட்டுக்கும் பேருந்தில் போகிற நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ராஸ்ட்ரெவரின் மறுபாதியான ட்ரெவர், பதினேழாம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர். இவ்விடத்தில் என்னை நிறுத்திய சொல் 'பிளாண்டேஷன்'. அயர்லாந்து வரலாற்றில் அது முதலில் மரத்தைக் குறிப்பதன்று, மனிதரை நடுவதைக் குறிப்பது. ஐரிஷாரிடமிருந்து பறித்த நிலத்தில் ஆங்கிலேயரையும் ஸ்காட்லாந்தியரையும் குடியமர்த்திய அரசுத் திட்டமான அல்ஸ்டர் பிளாண்டேஷன் 1609இல் தொடங்கியது. டவுன் மாவட்டம் அத்திட்டத்தின் ஆறு மாவட்டங்களில் இல்லை. இங்கே தனியார் குடியேற்றம் அதற்கும் முன்பே நடந்தது. நம் மலைகளில் அதே சொல் தேயிலையையும் தைலமரத்தையும் குறிக்கிறது. இரண்டு பொருளுக்கும் அடியில் ஒரே எண்ணம்: இங்கே இருப்பது வெறுமை, பயனுள்ளதை நாம் கொண்டுவந்து நடுகிறோம்.

ஓக் வனத்திலிருந்து மேலே ஏறினால் ஸ்ப்ரூஸ் தொடங்குகிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சொந்தமான சிட்கா ஸ்ப்ரூஸ். அயர்லாந்தில் இன்று மிகுதியாக நடப்படும் மரம் இதுவே. பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம்போல வரிசை. அடியில் பட்டப்பகலிலும் இருட்டு. காய்ந்த ஊசிகள் தவிரத் தரையில் ஏதுமில்லை. பறவையொலியும் வாசலோடு நின்றுவிட்டது. மரம் வேண்டியதுதான், தச்சருக்கும் காகித ஆலைக்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு முன் கடந்துவந்த இடத்துக்கும் இதற்கும் ஒரே பெயர் வைக்க நாக்கு எழவில்லை.

ஸ்ப்ரூஸ் முடியுமிடத்தில் க்ளோமோர் நிற்கிறது. 'பெரிய கல்' என்று பொருள். சுற்றிலும் உள்ள பாறை வேறு, இது கருங்கல். பனியாறு வேறெங்கிருந்தோ சுமந்துவந்து இச்சரிவில் வைத்துவிட்டு உருகிப்போனது. எதிர்க்கரையிலுள்ள ஸ்லீவ் ஃபோய் மலையில் நின்று ஃபின் மக்கூல் என்ற அரக்க வீரன் ஸ்காட்லாந்து அரக்கன்மேல் எறிந்தது என்கிறது ஊர்க்கதை. எங்கிருந்தோ வந்த கல் என்பதில் புவியியலும் கதையும் உடன்படுகின்றன. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்கு மேல் மரமில்லை. புல், ஹெதர் புதர், சரிவில் மஞ்சளாய்ப் பூத்த கோர்ஸ் முள், உச்சியில் ஓர் ஒலிபரப்புக் கோபுரம். கீழே லாஃக் வெள்ளித் தகடாய்க் கிடக்க, எதிரே கூலி மலைகள். மலையும் கடலும் ஒரே பார்வைக்குள் அடங்கும் இடத்தில் தமிழ் படித்தவருக்குத் திணைமயக்கம் நினைவுக்கு வராமல் இராது. எனக்கு நினைவுக்கு வந்தது வேறொன்று. அந்த மொட்டைக் குன்று அச்சாக முக்குருத்தியைப் போல இருந்தது.

தோற்றம்தான் ஒன்று. நீலகிரியின் உயர்ந்த புல்வெளி வெட்டுண்ட காடன்று. பள்ளங்களில் சோலை, மேட்டில் புல் என்ற அமைப்பின் தொன்மைக்குச் சதுப்பு மண்ணில் படிந்த மகரந்தம் சாட்சி. தோடரின் எருமைகள் அதில் மேய்ந்தன. அதைத் தரிசு என்று எழுதி, 1840கள் முதல் சீகையும் தைலமரமும் நட்டார்கள். விடுதலைக்குப் பின் தோல் பதனிடவும் ரேயான் நூலுக்கும் நாமே இன்னும் பேரளவில் நட்டோம். அங்கே மரம் நட்டது அழிவு. ராஸ்ட்ரெவரின் மேற்சரிவில் மரம் இல்லாததே அழிவின் தழும்பு. சரிவில் மஞ்சளாய்ப் பூத்திருந்த கோர்ஸ்கூட அங்கே மண்ணின் செடி. உதகைப் பக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட அதே செடி ஆக்கிரமிப்புக் களை.

இறங்கும்போது பூங்காவின் பெஞ்சில் அந்த அம்மையாரை மறுபடி கண்டேன். இதைச் சொன்னபோது வெகுநேரம் கேட்டார். உச்சியை அவர் 'தோலுரித்த மலை' என்றுதான் குறிப்பிட்டார். பிறகு, "அப்படியானால் ஒரு மலையைப் பார்த்து எதைக்கொண்டு முடிவு செய்வீர்கள்?" என்றார். பார்த்துச் சொல்லமுடியாது என்றேன். மண்ணைத் தோண்டவேண்டும், பழைய வரிப் பதிவேடுகளைப் புரட்டவேண்டும், இடப்பெயர்களைக் கேட்கவேண்டும், அங்கே ஆடுமாடு மேய்ப்பவரிடம் உட்கார்ந்து பேசவேண்டும். "அதற்குள் வேறு யாராவது நட்டுவிடுவார்களே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் நாட்டின் வன நிலை அறிக்கை, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல் விழுந்தால், எந்த மரமானாலும் யாருடைய நிலமானாலும் அதை வனப்பரப்பாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் ஸ்ப்ரூஸ் வரிசையும் ஓக் வனமும் ஒரே நிறக் கட்டம். புல்வெளிக்கு நிறமே இல்லை. புல்வெளியை மூடி ஆயிரம் ஏக்கரில் சீகை நட்டால் அட்டவணையில் அது வளர்ச்சி. களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் இந்த வரையறையை முதல் நாளே மனப்பாடம் செய்வது நல்லது. வரைபடத்தில் பச்சையைக் கண்டதும் கேட்கவேண்டிய கேள்விகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. என் மூன்றாவது இயலின் அட்டவணைகளில் 'காடு' என்ற ஒற்றைப் பத்தியை இப்போது மூன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நெறியாளர் அதற்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பக்கம் செல்ல நேரும் நண்பர்களுக்கு: பெரிய கல்லுக்கு அருகிலேயே மேல் வாகன நிறுத்தம் ஒன்று உண்டு. அங்கிருந்து ஏறினால் அரைமணியில் காட்சி கிடைத்துவிடும், ஓக் வனம் கிடைக்காது. ஊரிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். காலணி நல்லதாக இருக்கட்டும். மேலே சதுப்பு கணுக்காலை விழுங்கும். இறங்கியபின் தேவாலயத்தில் அந்த மணியையும் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறலாம்.