குப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு

"பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் சாமான் இருக்கா..." இந்தக் குரல் கேட்காத தெரு புதுக்கோட்டையில் இருக்காது. ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். கிராமங்கள் பக்கம் உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கு வெங்காயமோ பூண்டோ கொடுக்கும் வண்டிகளும் உண்டு. டவுனில் காசு. இதை யாரும் 'திடக்கழிவு மேலாண்மை' என்று சொல்வதில்லை. ஆனால் அரசாங்கம் அந்த வார்த்தையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது!

இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் வீடு வீடாகப் போய் காசு கொடுத்து வாங்குபவர். இன்னொருவர் சாக்குப்பையோடு குப்பைத் தொட்டியிலும் குப்பைக் கிடங்கிலும் பொறுக்குபவர். முதலாமவரிடம் தராசும் கொஞ்சம் பணமும் இருக்கும். இரண்டாமவரிடம் எதுவும் இருக்காது. தெரு நாய் முதல் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவர் மேல் சந்தேகம் மட்டும் இருக்கும்.

வணிகவியல் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே 'நடைமுறை மூலதனம்' என்று ஒன்றைப் படிப்பார்கள். இந்தத் தொழிலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. காலையில் வாங்குவதற்கான முன்பணம், தராசு, சில சமயம் மூன்று சக்கர வண்டியும் பழைய பேப்பர்க் கடைக்காரர் கொடுத்தது. அதனால் மாலையில் சரக்கை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. வேறு கடையில் கிலோவுக்கு 2 ரூபாய் கூடக் கிடைத்தாலும் போக முடியாது. கடைக்காரரை வில்லனாக்கவும் வேண்டாம். உடம்பு சரியில்லை என்றால் பேங்க் கடன் தராது, அவர்தான் தருவார். அவருக்கும் மேலே மொத்த வியாபாரி, அதற்கும் மேலே பேப்பர் ஆலை, இரும்பு உருக்கும் ஆலை என்று சங்கிலி நீள்கிறது.

2008 உலகப் பொருளாதார நெருக்கடியின்போது இந்தியா முழுவதும் பழைய பொருள்களின் விலை சரிந்தது. எங்கோ அமெரிக்காவில் வங்கி திவாலானதற்கு இங்கே பொறுக்குபவரின் அன்றைய கூலி குறைந்தது. 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவு மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தபோதும் அதே கதைதான். பதிவு செய்யாதவரிடம் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அந்தச் சுமையை வாங்கும் விலையில்தான் அவர் கழிப்பார். ஆகக் கடைசியில் அது பில் புத்தகமே இல்லாத மனிதரின் தலையில் வந்து விழும்.

1912-இல் நகராட்சியான புதுக்கோட்டை, 2024-இல் மாநகராட்சி ஆனது. பெருமையான விஷயம்தான். ஆனால் ஊர் பெரிதானால் புது வண்டிகள் வரும், ஒப்பந்ததாரர்கள் வருவார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வாசலிலேயே பிரித்து வாங்கிப் போய்விட்டால், பொறுக்குபவருக்கு என்ன மிஞ்சும்? நேற்று வரை சம்பளம் வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்தவர் இன்று வேலை இழந்தவர். வேலையில் இருந்ததற்கே கணக்கு இல்லாததால், இழந்ததும் எந்தக் கணக்கிலும் வராது.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு பொறுக்குவோரை அடையாளம் கண்டு உள்ளாட்சியின் பணியோடு இணைக்க வேண்டும் என்றன. மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024-இல் இவர்களையும் சேர்த்தார்கள். காகிதத்தில் இருப்பது தெருவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

வந்த ஊரும் இருக்கிறது. புனேயில் 1993-இல் குப்பை பொறுக்கும் பெண்கள் சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. வீடுகள் மாதக் கட்டணம் தருகின்றன. விலை போகும் பொருள்களை விற்கும் காசும் அவர்களுக்கே. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் முக்கியம். ஏனென்றால் விற்பனைக் காசை மட்டும் நம்பினால் பாட்டில், அட்டை, இரும்பு மட்டும்தான் எடுபடும். பிஸ்கட் கவரையும் சிப்ஸ் கவரையும் யார் எடுப்பார்? அதை வாங்க ஆளில்லை. அந்த வேலைக்கு ஊர்தான் கூலி தர வேண்டும்.

"புனே பெரிய ஊர், இங்கே நடக்குமா?" என்று கேட்கலாம். புதுக்கோட்டை இதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்து காட்டிய மாவட்டம். 1990களின் தொடக்கத்தில், ஒப்பந்ததாரர்களிடம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே மாவட்ட நிர்வாகம் குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. அறிவொளி இயக்கம் நடந்த காலம் அது. சைக்கிள் கற்ற பெண்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், குவாரி எடுத்த பெண்களைப் பற்றிப் பேசுவது குறைவு. கூலி வாங்கியவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். கல்லுக்குச் செய்ததைக் காகிதத்துக்குச் செய்ய முடியாதா என்ன?

குப்பை பிரிக்கும் கொட்டகையை இவர்களின் குழுவிடம் ஒப்படைக்கலாம். அடையாள அட்டை, கையுறை, ஒரு எலக்ட்ரானிக் தராசு, முன்பணத்துக்காக ஒரு சுழல் நிதி. முன்பணம் குழுவிடமே இருந்தால் விலை பேசும் தைரியம் தானாக வரும். கடைக்காரரும் நஷ்டப்பட மாட்டார், நன்றாகப் பிரித்த சரக்கு மொத்தமாகக் கிடைத்தால் அவருக்கும் லாபம்தான். குழந்தைகளை இந்த வேலைக்கு விடக்கூடாது என்பதைக் குழுவின் முதல் விதியாக வைக்கலாம்.

இதற்கெல்லாம் முதலில் ஒரு பட்டியல் வேண்டும். எத்தனை பேர், எந்தத் தெரு, என்ன வண்டி, யாரிடம் எவ்வளவு கடன். புதுக்கோட்டையில் மட்டுமல்ல, அறந்தாங்கியிலும் மாவட்டத்தின் பேரூராட்சிகளிலும் எடுக்க வேண்டும். அதற்குக் கோடிகள் தேவையில்லை. பழைய பேப்பர்க் கடைகளுக்கு மாலை 5 மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனால் போதும், எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள்.