மாடித் தொட்டியின் மூடி

மும்பை மாநகராட்சியின் 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரி வாங்கும் சட்டமென்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கொசு ஒழிப்பும் அதில் அடங்கிய கடமையாகும். இந்நகரில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. நாம் அருந்தும் நன்னீர்த் தொட்டியையே நாடுகிறது. முட்டை கொசுவாவதற்குப் பத்து நாள் போதும்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தில் மூன்று குழந்தைகளுக்கு அக்காய்ச்சல் கண்டது. என் மகளும் ஒருத்தி. ஏணியுடன் வந்த மாநகராட்சி ஊழியரைக் காவற்காரர் முன்னரே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார். மறுமுறை யானே உடன் ஏறினேன். மூடி உடைந்த தொட்டியில் புழுக்கள் நெளிந்தன. உடனே குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்துமூலம் அறிவிப்பு வந்தது. இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு எழுத்தின் வலிமை தெரியும்! பணமில்லையென்று ஈராண்டாய்ச் சொல்லிவந்த சங்கம் நான்காம் நாளே புது மூடி போட்டது. குழந்தைகள் மூவரும் நலமுற்றுப் பள்ளி செல்கின்றனர். அன்பர்களே, ஏணிக்காரர் வந்தால் மாடிக்கதவின் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.