பாதி பாட்டிலில் திரும்பணும்!

கேத்தியில் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்பது ஒரு பழக்கமே கிடையாது. அந்தக் குளிருக்கு யாருக்குத் தாகம் எடுக்கிறது? காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு ஒரு டீ, சாப்பாட்டோடு ஒரு டம்ளர் வெந்நீர். அறுபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அந்தப் பழக்கம் அமெரிக்காவில் ஒரு பாலைவன மலையில் என்னைத் தலைசுற்றி உட்கார வைக்கும் என்று யார் கண்டது!

மகள் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறாள். போன மார்ச்சில் நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். அவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தது. அதற்கு முன்பு அவர் நடக்காத இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்து லவ்டேல் வரை நடந்துவிட்டு, திரும்பும்போது மலை ரயிலில் வந்து கேத்தி ஸ்டேஷனில் இறங்குவார். ஸ்டென்ட் வைத்த பிறகும் டாக்டர் 'நல்லா நடங்க' என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. கேட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆனால் போன் அடிப்பேன். கொஞ்ச நாள் சண்டை போட்டார். அப்புறம் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மகள் வீட்டு மேஜையில் ஒரு மேப் கிடந்தது. அதில் ஒரு கோடு, மெக்சிகோ எல்லையிலிருந்து வடக்கே யூட்டா எல்லை வரை. அரிசோனா டிரெயில். சுமார் 1,290 கிலோமீட்டர் நடைபாதை. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நடந்து போய், ஏறக்குறைய திரும்பியும் வந்துவிடும் தூரம்! டேல் ஷிவால்டர் என்ற பள்ளி ஆசிரியர் 1985-ல் தெற்கிலிருந்து வடக்கு வரை நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசி ஆள் சேர்த்த பாதை அது. 2009-ல் தேசிய அந்தஸ்து கிடைத்து, 2011-ல் கடைசித் துண்டும் இணைந்தது. நானும் வாத்தியார் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

முழுசாக நடக்கிறவர்களுக்கு ஆறு, எட்டு வாரம் ஆகிறது. எங்களை மாதிரி ஆட்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பாதையோரம் டென்ட் போட்டுக்கொண்டு, காலையில் கொஞ்ச தூரம் நடந்து, சாயங்காலம் திரும்பிவிடுவது. 'இது மட்டும் போதும், வேற எதுவும் கேட்க மாட்டேன்' என்று மகளிடம் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

டூசான் நகரத்துக்கு மேலே கேட்டலினா மலை. சாலையின் அடிவாரத்தில், படங்களில் வருமே, கை தூக்கி நிற்கும் சவாரோ கள்ளி, அது கூட்டம் கூட்டமாக நிற்கிறது. முதல் கை முளைக்கவே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகுமாம். மேலே ஏற ஏறக் கள்ளி போய் ஓக் மரம் வருகிறது, அதற்கும் மேலே பைன் காடு. உச்சியான மவுன்ட் லெமன் சுமார் 2,790 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவே 2,637-தான். கீழே பாலைவனம் கொதிக்க, உச்சியில் பனி கிடந்தது. வெயில் கடலுக்கு நடுவே குளிர்ந்த தீவு மாதிரி நிற்பதால் இந்த மலைகளை 'வான் தீவுகள்' என்கிறார்கள். நம் ஊர்ச் சோலைக்காடுகளுக்கும் ஆராய்ச்சியாளர்கள் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் சொன்னதும், இவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

மொலினோ பேசின் முகாமில் டென்ட். குடிநீர்க் குழாய் கிடையாது. மருமகன் காரிலிருந்து இறக்கி வைத்த கேன்கள்தான் எல்லாம். வார இறுதி முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, ஞாயிறு மாலை கிளம்பும்போது ஒரே ஒரு சட்டம் போட்டார். "அத்தை, பாட்டில்ல தண்ணி பாதியானா, எங்க இருந்தாலும் திரும்பிடணும். மாமா கேட்க மாட்டாரு, நீங்கதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். இரண்டு நாளும் பாதையைப் பார்த்ததைவிட அவர் முகத்தையும் அவர் பாட்டிலையும் பார்த்ததுதான் அதிகம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், 'குடிங்க, குடிங்க.' ஏற்றம் வந்தால் நாடியைப் பிடித்துப் பார்ப்பது வேறு.

செவ்வாய்க்கிழமை மேற்கே நடந்தோம். வழியில் பழைய சிறை முகாம் இருந்த இடம். இந்த மலைச்சாலையைப் போட்டதே கைதிகள்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, எதிர்த்து நின்ற கார்டன் ஹிராபயாஷி என்ற மாணவரும் இங்கே கைதி. அவரைக் கொண்டுவர அரசாங்கம் செலவு செய்ய மறுத்ததால், வடமேற்கிலிருந்து வழியெல்லாம் லிஃப்ட் கேட்டுத் தானாகவே சிறைக்கு வந்து சேர்ந்தாராம்! 1987-ல் அந்தத் தண்டனை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்று இந்த இடத்துக்கு அவர் பெயர்தான். இவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றார்.

அதைத் தாண்டி ஒரு கணவாய். மேலே வந்து நின்றதும் இவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "பாதி ஆச்சு. திரும்பலாம் வா."

கீழே பள்ளத்தாக்கில் அந்தச் சிறைக்குத் தண்ணீர் கொடுத்த பழைய அணை இருக்கிறதாம். எனக்கு என்ன தோன்றியதோ, "என் பாட்டில் அப்படியே முழுசா இருக்கே. பங்கு போட்டுக்கலாம். அணையைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன். என் பாட்டில் ஏன் முழுசாக இருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

காலையிலிருந்து நான் இரண்டு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. பழக்கமில்லை என்பது ஒன்று. குடித்தால் வழியில் எங்கே ஒதுங்குவது என்ற, எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு இன்னொன்று. வேர்க்கவும் இல்லையே என்று நினைத்தேன். வேர்க்காமல் இல்லை, அந்தக் காற்று வேர்வையை வெளியே தெரியவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது.

திரும்பி ஏறும்போது பாதை ஆடியது. காது அடைத்தது. "ஏங்க..." என்றேன், குரல் வரவில்லை.

அவர் பதறவில்லை, அதுதான் ஆச்சரியம். ஓக் மர நிழலில் உட்கார வைத்தார். தொப்பியை எடுத்துவிட்டு, துண்டை நனைத்துப் பிடரியில் போட்டார். அவருக்காக நான் கட்டி எடுத்துவந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து என் பாட்டிலில் கலக்கி, "மடமடன்னு குடிக்காத, ஒவ்வொரு மடக்கா" என்று பிடித்துக்கொண்டார். அந்த நேரம் எதிரே ஒரு பெண் பெரிய முதுகுப் பையோடு வந்தாள். எல்லையிலிருந்து கிளம்பிப் பன்னிரண்டு நாளாம், தனியாக. எங்களைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து உப்பு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, நான் எழுந்து நிற்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து நடந்தோம். இவர் முன்னால், நான் அவர் நிழலை மிதித்தபடி பின்னால். கணவாயில் அவர் மூச்சு என்னைவிடச் சீராக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அன்று மதியத்திலிருந்து நான் அவர் நாடியைப் பிடிக்கவே இல்லை.

சாயங்காலம் அவர்தான் ரவை உப்புமா கிண்டினார். உப்பு தூக்கல். வேண்டுமென்றேதான் என்றார். ராத்திரி டென்ட்டுக்குள் இரண்டு தரம் என்னை உலுக்கி எழுப்பி, "தண்ணி குடிச்சியா?" வெளியே குளிர், அத்தனை நட்சத்திரம். 'இந்த மனுஷன் தூங்க விடமாட்டாரா' என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று வருஷமாக அவருக்கு இப்படித்தானே இருந்திருக்கும்!

புதன்கிழமை மகள் வந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. திட்டு எனக்குத்தான். வழக்கமாக வாங்குகிறவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த 1,290 கிலோமீட்டரில் நாங்கள் பார்த்தது இருபதுகூட இருக்காது. போகவும் வரவும் அதே பாதை என்பதால் எங்கள் கால்களுக்கு அது நாற்பது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மறுபடியும் லவ்டேல் போகிறார். நான் போன் அடிப்பதில்லை. தோட்டத்துக்கு நடுவில் எங்காவது சிக்னல் கிடைத்தால் அவர்தான் அடிக்கிறார்.

"குடிச்சியா?"

"டீ குடிச்சேன்" என்கிறேன். அந்தப் பக்கம் திட்டு ஆரம்பமாகிறது.